பல்லாவரம் சந்தையில் நூற்றிருபது பொட்டலங்கள்

வெள்ளிக்கிழமை காலை ஆறு இருபதுக்குத் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். அறுபத்தொன்பதாம் வருஷம், ஆனி மாத வெயில். பல்லாவரம் வரை நாலு மைல், டிக்கெட் இருபது பைசா. அங்கிருந்து பம்மலுக்கு இரண்டு மைல். அது நடைதான். கையில் இருந்த துணிப்பையில் நூற்றிருபது சிறிய பொட்டலங்கள்.

நான் பல்பொடி செய்கிறவன். சீமைச்சுண்ணாம்புப் பொடி, உப்பு, கிராம்பு, ஓமம், குளிர்ச்சிக்குப் புதினா உப்பு, நிறத்துக்குக் கொஞ்சம் கொட்டைப்பாக்குக் கரி. டேனரியில் தோல் அலசும் வேலையை விட்டு இதில் இறங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. சரக்கு நல்ல சரக்கு. கேட்டு வாங்கத்தான் ஆள் இல்லை. பம்மலில் கடை வைத்திருக்கும் பாய், "வர்ற வெள்ளிக்கிழம வந்து உங்க டப்பாவ எடுத்துட்டுப் போயிடுங்க" என்று போன வாரம் சொல்லிவிட்டார். என் பொடி இருந்த கடைசிக் கடை அதுதான். அதுவும் போனால் திரும்பவும் டேனரிக்கே போவதாக மனைவி ரோசியிடம் ஒத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன் ஒன்று செய்து பார்க்க நினைத்தேன். சிறுவயதில் தேயிலைக் கம்பெனிக்காரர்கள் வீடு வீடாக வந்து இலவசமாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ருசி கண்ட வீடு பிறகு காசு கொடுத்து வாங்கியது. அதுபோல ஒரு நாள் துலக்கும் அளவுக்குப் பொடியை வெள்ளைத் தாளில் மடித்துச் சும்மா கொடுப்பது என்று முடிவு செய்தேன். தாளில் அச்சடிக்கக் கையில் காசு இல்லை. வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

ரயிலிலேயே தொடங்குவதாக ஏற்பாடு. எதிரே வேட்டி சட்டையில் ஓர் ஆபீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். குரோம்பேட்டை வரும்வரை தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்துவிட்டு ஒரு பொட்டலத்தை நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சில்லற இல்லப்பா" என்றார்.

பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டேன். பல்லாவரத்தில் இறங்கும்போதும் பையில் நூற்றிருபது இருந்தன.

ஏழரை மணிக்குள் பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தை கூடிவிட்டது. பூச்செடி, பழைய சைக்கிள் சாமான், கோழி, கருவாடு, எல்லாம் வெயிலில் விரித்துக் கிடந்தன. கொடுக்காப்புளி விற்பவனுக்குக்கூடக் குரல் இருந்தது. எனக்குத்தான் வரவில்லை. அம்மன் கோயில் பக்கம் ஜனம் அதிகம் என்று பார்த்து அதன் வாசலுக்கு எதிரே போய் நின்றேன். பேசாமல் இரண்டு கையாலும் ஒரு பொட்டலத்தை நீட்டினேன்.

ஓர் அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு வாங்கினாள். மரியாதை தெரிந்தவள் என்று நினைத்தேன். வாங்கியதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிரித்தாள். மூன்று விரலால் எடுத்துத் தன் நெற்றியிலும் இடுப்பில் இருந்த குழந்தையின் நெற்றியிலும் பூசினாள். மீதியில் ஒரு சிட்டிகை வாயில் போட்டாள். முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனாலும் கும்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

நான் மாதா கோயிலுக்குப் போகிறவன். வெள்ளைத் தாளில் மடித்த சாம்பல் நிறப் பொடியை வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் எதிரே நீட்டினால் ஜனங்கள் என்னவென்று நினைப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றிய பிறகாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குள் பத்துக் கை நீண்டிருந்தது. நாலு வருஷத்தில் என் பொடிக்கு அத்தனை கை நீண்டதில்லை. கொடுத்துக்கொண்டே இருந்தேன். யாரோ பையில் ஒரு பத்துப் பைசாவைப் போட்டபோதுதான் உடம்பு கூசியது.

"யோவ்! எந்தக் கோயிலு துண்ணூறுய்யா இது? ஜிவ்வுன்னு ஏறுது!"

கோவளத்திலிருந்து கருவாடு கொண்டுவந்து விற்கும் பூங்காவனம் என்ற அம்மாள். நெற்றி முழுக்க என் பொடி.

"பல்பொடி" என்றேன்.

"இன்னாது? வாய்க்குள்ளயே பேசுறே?"

"பல்பொடிம்மா. பல்லு வெளக்குறது."

அவள் கருவாட்டுக் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடப்பாவி! காலங்காத்தால ஊரு மொத்தத்துக்கும் நெத்தி வெளக்கி வுட்டியே!"

எல்லோரும் சிரிக்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். வியர்வையோடு பொடி வழிந்து குழந்தையின் கண் சிவந்திருந்தது. "சாமி பேரச் சொல்லி ஏமாத்துறியா?" என்று என் சட்டையைப் பிடித்தார்.

"அவன் எங்கய்யா சாமி பேரச் சொன்னான்?" என்றாள் பூங்காவனம். "அவன்தான் வாயே தொறக்கலியே! வுடுய்யா சட்டைய. கொயந்த மூஞ்சிய மொதல்ல கழுவு." தன் சொம்புத் தண்ணீரைக் கொடுத்தாள். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அது மட்டும் சத்தமாக வந்தது.

அவர் போனபின் அவள் என் பக்கம் திரும்பினாள். "எங்கருவாடு நாறிக்கினு கீது. கண்ணு தெரியாதவனுக்கும் கருவாடுன்னு தெரியும். அப்பவும் நான் கருவாடு கருவாடுன்னு கத்துறேனா இல்லியா? ஒன்னுது மடிச்ச காயிதம். நீ சொல்லாட்டி அதுவா சொல்லும்?"

பதினோரு மணிக்குப் பம்மலுக்கு நடக்கத் தொடங்கினேன். பையில் முப்பத்திரண்டு மிச்சம். நிழல் இல்லாத சாலை. பாதி வழியிலேயே டேனரி வாடை வந்துவிட்டது. நான் பதினைந்து வருஷம் சுவாசித்த வாடை. திரும்பப் போனால் இதற்குள்தான் என்று எண்ணிக்கொண்டு நடந்தேன். செருப்பின் வார் அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பாய் என் டப்பாவைச் சணலால் கட்டித் தயாராக வைத்திருந்தார். "ரெண்டு மாசம் வெச்சுப் பாத்துட்டேன். தப்பா நெனைக்காதீங்க" என்று மோர் கொடுத்தார். நல்ல மனிதர். குடித்துக்கொண்டிருந்தபோது டேனரித் தொழிலாளி ஒருவர் வந்தார். நெற்றியில் சாம்பல் நிறத் தீற்று.

"பாய், சந்தையில நெத்திக்கு ஒரு பொடி குடுத்துக்கினு இருந்தாங்க. தலவலி போன எடம் தெரியல. அது கீதா?"

பாய் அந்த நெற்றியைப் பார்த்தார். காற்றில் கிராம்பு வாசனையை மோந்தார். டப்பாவின் சணலை அவிழ்த்தார். பேசாமல் இருக்கும்படி எனக்குக் கண்ணைக் காட்டினார். பேசாமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை. ஆனால் அந்தக் குழந்தையின் கண் நினைவுக்கு வந்தது.

"அது பல்பொடி!" என்றேன். தெருவில் போனவர் திரும்பிப் பார்த்தார். "நெத்தியில போடாதீங்க. கண்ணுல எறங்குனா எரியும். பல்லுக்குத்தான்."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். தொழிலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீதான அந்தக் கோயிலாண்ட நின்ன ஊமை? பேசுறியே!" பிறகு டப்பாவிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துப் புரட்டினார். விலை பதினைந்து பைசா. "நெத்திக்கே இந்தப் போடு போடுதுன்னா பல்லுக்கு சும்மாவா இருக்கும்? ரெண்டு குடு பாய்."

அவர் போனதும் பாய் சணலைச் சுருட்டினார். "அடுத்த வெள்ளி வரைக்கும் இருக்கட்டும்" என்றார். இத்தனை நாள் விளக்குமாறுகளுக்குப் பின்னால் இருந்த டப்பா பீடிக்கட்டுகளுக்குப் பக்கத்தில் வந்தது. அவ்வளவுதான் அன்றைய லாபம்.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தாம்பரத்தில் இறங்கி, ஒற்றைச் செருப்போடு எங்கள் சந்துக்குள் நுழைந்தேன். போன ஊரில் ஒரே நாளில் எண்பத்தெட்டுப் பேர் கையில் என் பொடி இருந்தது. சொந்தச் சந்தில் பதினாலு வீடு. ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு டீச்சர் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"எங்க போயிட்டு வரீங்க அண்ணா?"

வழக்கமாக, 'சும்மா, ஒரு வேலையா' என்பேன். அன்று உடம்பில் பொய் சொல்லவும் தெம்பு இல்லை. "பல்பொடி விக்கப் போயிருந்தேன். நானே செய்யறது."

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலியருகே வந்தார். "நீங்க பல்பொடியா செய்றீங்க? நாலு வருஷமா உங்க வீட்லருந்து கிராம்பு வாசன வருது. ரோசி அக்காவுக்குத் தீராத பல்வலி போலருக்கு, கேட்டா வருத்தப்படுவாங்கன்னு நாங்கள்லாம் கேக்காம இருந்தோம்!"

பைக்குள் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தேன். வேலிக்கு மேலே நீட்டி, இன்னதென்று சொல்லிக் கொடுத்தேன்.