கயிற்றுக்கு இந்தப் பக்கம்

அப்பா போன பிறகு துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பொம்மைக் கதையைத்தான் சொன்னார்கள். சொல்லிச் சிரித்தார்கள், பிறகு, சாவு வீட்டில் சிரித்துவிட்டோமே என்று சங்கடப்பட்டார்கள். அம்மாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். மீதிக் கதை எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அப்பா அரண்மனையில் காவலர். ராஜாக்கள் போய், டிக்கெட் வாங்கினால் யாரும் பார்க்கலாம் என்று ஆகிவிட்ட அரண்மனை. சிம்மாசனக் கூடம் அவர் பொறுப்பு. சிம்மாசனத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கயிறு. அதை யாரும் தாண்டாமல் பார்த்துக்கொள்வதும், பார்த்து முடித்தவர்களை நகர்த்துவதும்தான் வேலை. அதட்ட மாட்டார். "பார்த்தது போதும், பின்னாடி ஆள் காத்திருக்காங்க, நகருங்க" என்பார். அந்தக் குரல் வீட்டுக்கும் வரும். நான் கண்ணாடி முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றால் போதும்: "பார்த்தது போதும், நகருங்க." அம்மா விடமாட்டாள். "ராஜாவே எழுந்து போயிட்டார். இவருக்கு இன்னும் தர்பார் முடியலை."

அந்த வருடம் கயிற்றுக்கு உள்ளே, படைவீரன் உடை போட்ட ஆளுயரப் பொம்மை ஒன்றை வைத்தார்கள். மறுநாள் காலையில் அப்பா அதனிடம் போய், "சார், வெளிய வாங்க. உங்களைத்தான், காது கேட்கலையா?" என்றிருக்கிறார். கூடமே சிரித்தது. அப்பாவும் சட்டென்று சமாளித்து, வேண்டுமென்றே செய்ததுபோல் பொம்மைக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து நடித்துக்காட்டினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. தண்ணீர் டம்ளருக்காக அவர் மேசையைத் தடவியதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணைக் காட்டிட்டு வரலாமா?"

"கண்ணுக்கு என்ன? குத்துக்கல்லாட்டம் இருக்கு."

கண் போனால் வேலை போகும். வேலை போனால் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் குவார்ட்டர்ஸும் போகும். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா, "வா, அரண்மனையைப் பார்த்துட்டு வரலாம்" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கமே குடியிருந்தும், எங்கே ஓடிவிடப் போகிறது என்று அவள் ஒருநாளும் உள்ளே போனதில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை. வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினோம்.

அப்பா தூணோரம் விறைப்பாக நின்றிருந்தார். வாசலில் சூப்பர்வைசர். கொஞ்ச நேரத்தில் எனக்குப் புரிந்தது. அப்பா ஜனங்களைப் பார்க்கவில்லை, தரையைக் கேட்டுக்கொண்டிருந்தார். கயிற்றோரம் ஒரு மரப்பலகை, மிதித்தால் கிறீச்சிடும். கிறீச்சிட்டதும் அந்தத் திசையில் குரல் கொடுப்பார்.

அம்மா நேராகப் போய் அந்தப் பலகைமேல் நின்றாள்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் அப்பா.

அவள் நகரவில்லை. அவர் கிட்டே வந்தார். கை நீட்டினால் தொடும் தூரத்தில் இரண்டு முகங்களும்.

"உங்களைத்தாம்மா. பார்த்தது போதும், நகருங்க."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டை அழுத்தினாள். சூப்பர்வைசர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா நகர்ந்தாள்.

வெளியே தோட்டத்தில், குளத்தோர பெஞ்சில் உட்கார்ந்தோம். குழந்தைகள் புல்தரையில் உருண்டுகொண்டிருந்தார்கள். யாரோ குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்து அப்பா அந்த வழியாகத்தான் வருவார். பூப்பாத்தியின் ஓரக்கல்லைக் காலால் தட்டித் தட்டி வந்தார். அம்மா கூப்பிட்டதும் முகம் மலர்ந்தது.

"அட, இங்க என்ன பண்றீங்க?" உட்கார்ந்ததும் வழக்கம்போல் அன்றைய கதையை ஆரம்பித்தார். "இன்னிக்கு ஒரு அம்மா, கயித்துகிட்ட நின்னுட்டு நகரவே மாட்டேன்னுட்டாங்க. சிம்மாசனத்துல ஏறி உட்கார்ந்துடுவாங்களோன்னு பயந்துட்டேன்."

"அப்படியா? என்ன கலர் புடவை?"

அப்பா குளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீயா?" என்றார்.

"நகரச் சொன்னீங்க. நகர்ந்துட்டேன்."

"இவ படிப்பு முடியற வரைக்கும் ஓட்டிடலாம்னு பார்த்தேன்."

"படியில உருண்டு விழுந்தா அப்புறம் எதை ஓட்டறது?"

தோட்டம் மூடும் விசில் கேட்டது. தோட்டக் காவலர் ஒவ்வொரு பெஞ்சாக ஆட்களை எழுப்பிக்கொண்டு வந்தார். "அண்ணே, நீங்களா! உங்களுக்குமா சொல்லணும்?"

"சொல்லுப்பா. எனக்கும்தான் சொல்லணும்."

அப்பா எழுந்தார். தோட்டக் காவலர் எதிரிலேயே அம்மாவின் தோளைத் தடவித் தேடி, பிடித்துக்கொண்டார். காவலரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணே..."

"நாளைக்கு ஆபீஸ்ல நானே சொல்லிடறேன். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே."

மழைக்காலத்துக்கு முன்னால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். நான் மாலையில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பை முடித்தேன். புது வீடு மாடியில், படி குறுகல். அம்மா முன்னால் ஏறுவாள்; அவள் தோளில் கை வைத்து அப்பா பின்னால். அவள் மூச்சுவாங்கிப் பாதியில் நின்றால் அந்தக் குரல் வரும்: "பின்னாடி ஆள் காத்திருக்காங்க, நகருங்க."

நேற்றும் அம்மா பாதிப் படியில் நின்றாள். பின்னால் நான்தான் இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.