அப்பா ஓடவில்லை

இதை எழுத வேண்டும் என்று எத்தனையோ வருடங்களாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்திருக்கிறேன். பெரியப்பா உயிரோடு இருக்கும்போது எழுதினால் குடும்பத்தில் சண்டை வரும் என்று பயம். அவர் போன பிறகு, போனவரைப் பற்றி எழுதலாமா என்று தயக்கம். எல்லாவற்றையும் விடப் பெரிய தயக்கம், இதில் என் பங்கும் இருக்கிறது. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் மெர்கோங்கில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது, ஒரு சகோதரி தன் கைப்பேசிக்கு வந்த சாட்சி ஒன்றை வாசித்துக் காட்டினார். சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில், இடுப்பு உடைந்த ஒரு டிராக்டர் டிரைவர் ஜெபத்தின் நடுவில் ஊன்றுகோலை வீசிவிட்டு ஓடினாராம். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். என் கையில் இருந்த பலகாரத் தட்டைக் கீழே வைத்தேன். அந்த டிரைவர் என் அப்பா.

அப்பா ஓடவில்லை. ஓடியது நான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் பள்ளத்தில் சாய்ந்து அப்பாவின் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் உள்ளே இரும்பு வைத்து, கக்கத்தில் ஊன்றிக்கொள்ள, தொங்காட்டு என்று நாங்கள் சொல்லும் ஊன்றுகோல் ஒன்றையும் கொடுத்து, மூன்று மாதத்துக்கு அந்தக் காலைத் தரையில் அழுத்தவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். டாக்டர் சொன்ன சொல்லை அப்பா ஒருநாளும் மீறியதில்லை.

பெரியப்பாவுக்கு மூன்று மாதம் பொறுக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் ஒருகாலத்தில் தொட்டிலில் தூங்கிய பழைய ஆயாக்கொட்டகையில்தான் எங்கள் சின்னச் சபை கூடும். அதற்கு அவர் மூப்பர். வெளியூரிலிருந்து பெயர்பெற்ற ஊழியக்காரர் ஒருவர் வரப்போகிறார். வந்தவர் ஒரு அற்புதமும் நடக்காமல் திரும்பினால் சபைக்கு என்ன மரியாதை? சுகமாக்குவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. தோட்டத்தில் அந்த வாரம் நொண்டிக்கொண்டிருந்தவர் அப்பா ஒருவர்தான்.

கூட்டத்துக்கு முன்னால் பெரியப்பா என்னைக் குழாயடிக்குக் கூப்பிட்டார்.

"பாப்பா, ஊழியக்கார ஐயா ஒங்கப்பன் தலையில கைய வச்சு 'எழுந்திரு'ம்பாரு. அந்த நேரம் பாத்து நீ தொங்காட்ட எடுத்துக்கிட்டு வாசலுக்கு ஓடிரு. அது பக்கத்துல இருந்தா ஒங்கப்பன் அதத்தான் நம்புவான், ஆண்டவர நம்பமாட்டான்."

"அப்பா விழுந்துட்டா, பெரியப்பா?"

"பாத்தியா, ஒனக்கே விசுவாசம் இல்ல. தண்ணியில மூழ்குன பேதுரு மாதிரி பேசுற."

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு முதல் பரிசு வாங்கியவள் நான்.

ஊழியக்காரர் 'எழுந்திரு' என்றார். தொங்காட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். வாசலில் நின்று திரும்பி, "வாங்கப்பா, ஓடி வாங்கப்பா" என்று கத்தினேன். கூட்டம் கைதட்டியது. அப்பா ஊழியக்காரரைப் பார்க்கவில்லை, பெரியப்பாவையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். பெஞ்சைப் பிடித்து எழுந்தார். ஓர் அடி வைத்தார். இரண்டாவது அடியில் விழுந்தார்.

கைதட்டல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. பின்னால் நின்றவர்களுக்கு அவர் விழுந்தது தெரியவில்லை.

வீட்டில் ஏதோ மறைந்த பாவம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஊழியக்காரர் அடுத்த பாட்டைப் பாடச் சொன்னார். "நம்பாம எந்திரிச்சா விழத்தான் செய்வான் லா" என்றார் பெரியப்பா. அதுவரை அவர் எதிரில் குரல் உயர்த்தாத அம்மா, அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நீங்க ஒங்க கால ஒடச்சிக்கிட்டு வந்து நம்புங்க மாமா. நானும் கைதட்டுறேன்."

உள்ளே வைத்த இரும்பு விலகிவிட்டது. மறுபடியும் அறுத்தார்கள். அந்தக் கால் குட்டையாகிப் போனது. சாகும்வரை அப்பா சாய்ந்து சாய்ந்துதான் நடந்தார். இதற்கு யார் பதில் சொல்வது? ஆண்டவர் பெயரைச் சொல்லி ஒரு மனிதனின் இடுப்பை இரண்டாம் முறை உடைத்தார்கள். அவருக்கே விசுவாசக் குறைவு என்று பட்டமும் கட்டினார்கள். போதாதென்று, செத்த பிறகு அவரை ஓடவும் வைத்துவிட்டார்கள்.

தொங்காட்டை எடுக்கச் சொன்னது யார் என்று அப்பா ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ஞாயிறு, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "வாம்மா, ஆராதனைக்கு நேரமாச்சு" என்றார்.

எனக்குக் கோபம். "ஆண்டவருதான் சுகமாக்கலயே. எதுக்குப் போறீங்க?"

"சுகமாக்குனாத்தான் வருவேன்னு நான் அவருகிட்ட சொல்லலயேம்மா" என்று, தொங்காட்டுக்காகக் கையை நீட்டினார்.

எடுத்துக் கொடுத்தேன். அதே ஆயாக்கொட்டகை, அதே பெஞ்சு. பெரியப்பா பாட்டு எண்ணைச் சொன்னார், அப்பா பாடினார். அப்பாவுக்கு ரோஷமே இல்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். டாக்டர் பேச்சை மீறாத மனிதர் அந்த ஒரு நாள் மட்டும் ஏன் எழுந்தார் என்பதும் எனக்கு அப்போது விளங்கவில்லை. வாசலில் நின்று அவ்வளவு நம்பிக்கையோடு கூப்பிட்ட மகளை, அத்தனை பேர் முன்னால் ஏமாந்து நிற்கவிட அவருக்கு மனம் வரவில்லை. அது தெரிய எனக்கு நான் பெற்ற பிள்ளைகள் வேண்டியிருந்தது.

வாசித்தவர்கள் இதை நாலு பேருக்குக் கொடுங்கள். ஒரு வரியும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். அப்பா விழுந்த இடத்தில் தயவுசெய்து அவரை ஓட வைக்காதீர்கள். அவர் விழட்டும். விழுந்தவர் அதே பெஞ்சுக்கு நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார் என்பதையும் விடாமல் சொல்லுங்கள்.