ஒன்பதாம் நம்பர் சப்பாத்தும் சரசாலைச் சேறும்

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு நானும் என் மனைவி சுகிர்தமும் மானிப்பாய்ச் சந்தியில் பஸ் ஏறினோம். யாழ்ப்பாண நகரம் அங்கிருந்து ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர். மறுநாள் விடியத் தென்மராட்சிக்குப் போய், சரசாலைக் கடல்நீரேரிக் கரையில் இருக்கும் குருவிக்காட்டில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருப்பதைப் பார்ப்பதுதான் நோக்கம். ஆனால் பயணத்தின் முதல் தரிப்பு ஒரு சப்பாத்துக் கடை. அதற்குக் காரணம் என் இடது கால்.

எனக்கு நீரிழிவு, அதாவது சீனி வருத்தம். இரண்டு மாரிக்கு முன் இதே குருவிக்காட்டுக்குச் செருப்போடு போனேன். சேறு செருப்பை வைத்துக்கொண்டது, கண்டல் வேர் காலைக் கிழித்தது, நாரையையும் பார்க்காமல் திரும்பினேன். மற்றவர்களுக்கு ஒரு கிழமையில் ஆறிவிடும் காயம் எனக்குப் பங்குனி வரை இழுத்தது. ஒரு விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று டொக்டர் சொன்ன அன்று சுகிர்தம் அழுதாள். விரல் தப்பியது. காலையும் மாலையும் மருந்து கட்டியவள் அவள்தான். ஆகவே இந்த முறை நான் நாரைப் பேச்சை எடுத்தபோது நிபந்தனை போட்டாள். தானும் கூட வருவாள். சேற்றில் என் வெறுங்கால் படக்கூடாது. திரும்பி வந்ததும் காலைப் பார்ப்பாள். ஒரு கீறல் இருந்தாலும் இனி நாரையைப் படத்தில்தான் பார்க்கலாம். நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். தூரத்தில் இருப்பதைப் பார்க்கும் ஆசை தொழிலோடு வந்துவிட்டது. எல்லா நிபந்தனைக்கும் தலையை ஆட்டினேன்.

கடை, பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய தெருவில் இருந்தது. கடைக்காரருக்கு என் வயதிருக்கும், வாய் ஓயாதவர். நான் முதலில் கையில் எடுத்தது முழங்கால் வரை வரும் இறப்பர்ச் சப்பாத்து. அதற்குள் மேலால் ஒருமுறை தண்ணீர் போனால் வெளியே வர வழி கிடையாது, பிறகு இரண்டு வாளியைக் காலில் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரித்தான் என்றார் அவர். தோல் சப்பாத்து நனைந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை வரை காயாது. கடைசியில் தட்டின் மேலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். காட்டில் திரிகிற பட்டாளத்துக்காரர் போடும் மாதிரியில் செய்த சப்பாத்து. அடிப்பக்கம் தோல், கணுக்காலுக்கு மேல் கன்வஸ். உட்பக்கத்தில், குதிகாலுக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு சின்ன ஓட்டைகள். அவற்றில் சல்லடை போல வலை. தண்ணீரைத் தடுக்கும் சப்பாத்து அல்ல இது, உள்ளே வந்த தண்ணீரை நடக்க நடக்க வெளியே துப்பும் சப்பாத்து. அடியில் உள்ள பற்கள் அகன்று நின்றன, சேறு தங்காமல் விழுவதற்காக. நடு அடியில் முள் ஏறாமல் ஒரு தகடு. சுகிர்தம் அதை நம்பவில்லை. குடையின் கூர் முனையால் அடியில் இரண்டு தரம் ஊன்றிக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள்.

நிறம் பார்க்கும்போதுதான் எனக்குள் ஏதோ ஒன்று இடறியது. பச்சை, கறுப்பு, மண் நிறம் என்று மூன்று இருந்தன. சண்டைக் காலத்தில் அந்தச் சப்பாத்துச் சத்தம் வாசல் ஒழுங்கையில் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சையும் அடக்கிக்கொண்ட வீடு எங்கள் வீடு. அதைக் காசு கொடுத்து வாங்கி என் காலிலேயே போடப் போகிறேனா என்று நினைத்ததும் பச்சையைத் தொட்ட கையை எடுத்துவிட்டேன். கடைக்காரருக்கு அது புதிதில்லை போலும். பச்சையையும் கறுப்பையும் பெட்டிக்குள் வைத்து மூடினார். மண் நிறத்தை எடுத்தோம். சோடி ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய். சுகிர்தத்துக்கும் ஆறாம் நம்பரில் ஒரு சோடி கிடைத்தது.

என் கால் எட்டாம் நம்பர். நான் ஒன்பது கேட்டேன். கடைக்காரர் சேற்றுக்குக் காலோடு ஒட்டி நிற்க வேண்டும் என்று மன்றாடிப் பார்த்தார். நான் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தான் சப்பாத்து வாங்கும்போது நடக்கப் போகும் தூரத்தை நினைப்பதில்லை, கழற்றப் போகும் வாசல்களைத்தான் நினைப்பான். கோயில் வாசல், செத்த வீடு, கலியாண வீடு, தேத்தண்ணிக்குக் கூப்பிடும் வீடு, எங்கேயும் குனியாமல் குதிகாலை உதறினால் கழன்று விழ வேண்டும். என் அப்பா அப்படித்தான் வாங்கினார், நானும் அப்படித்தான். அன்றிரவே லேஸைத் தளர்த்திக் கட்டி, மேலே உள்ள நான்கு ஓட்டைகளைக் கோக்காமல் விட்டேன்.

சனிக்கிழமை விடிய ஐந்தரைக்கு மறுபடி பஸ். நகரத்தில் மாறி, கண்டி வீதியால் சாவகச்சேரிக்குப் பதினாறு கிலோமீற்றர். ரிக்கற் ஆளுக்கு நூற்றுப் பத்து ரூபாய். கொண்டக்டர் எங்கள் நான்கு சப்பாத்தையும் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் காடு ஒன்றும் இல்லையே அண்ணை என்று வருத்தப்பட்டார். நாவற்குழிப் பாலத்தில் வெளிச்சம் வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் வெள்ளித் தகடாகக் கிடந்தது. ஒரு மீனவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையை உதறிக்கொண்டிருந்தார்.

சாவகச்சேரிச் சந்தையடியில் தவராசா ஓட்டோவோடு நின்றான். சரசாலைக்காரன், நாற்பது வயது. என் கடையில் கண்ணாடி செய்வித்த பழக்கம் நட்பாகிவிட்டது. கனகம்புளியடிச் சந்தி தாண்டி ஓட்டோ குலுங்கிக் குலுங்கி அவன் வீட்டில் நின்றது. அவன் மனைவி தேத்தண்ணியோடு காத்திருந்தாள். வாசலில் நான் இரண்டு உதறு உதறினேன், சப்பாத்து இரண்டும் கழன்றன. சுகிர்தமோ படியில் குந்தியிருந்து பத்துச் சோடி ஓட்டையிலிருந்தும் லேஸை உருவிக்கொண்டிருந்தாள். நான் தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் அவள் உள்ளே வந்தாள். வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரம் நடந்ததும் பூவரச மரத்தடியில் ஒரு வைரவர் சூலம். நான் மறுபடி உதறினேன், கும்பிட்டேன், போட்டேன். சுகிர்தம் உடுவிலில் சேர்ச்சுக்குப் போகும் வேதக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். கும்பிடாவிட்டாலும் மறுபடி கீழே குந்தியிருந்து லேஸைக் கழற்றத் தொடங்கினாள். உமக்கு அவசியமில்லை என்றேன். வைரவருக்கு முன்னால் சப்பாத்தோடு நிற்பது ஆர் என்றாலும் மரியாதையில்லை என்றாள். அவள் மறுபடி கட்டி முடிக்கும் வரை நானும் தவராசாவும் மாட்டு விலை, வெங்காய விலை எல்லாம் கதைத்து முடித்தோம். சப்பாத்து வாங்கத் தெரிய வேண்டும் என்று நான் ஒரு பொன்மொழியும் உதிர்த்தேன்.

ஏழரை மணிக்குக் கரை. அங்கிருந்து கண்டல் மரங்கள் வரை இருநூறு மீற்றர் இருக்கும். முழுதும் சாம்பல் நிறச் சேறு, இடையிடையே கணுக்கால் தண்ணீர். தவராசா வெறுங்காலோடு முன்னால் போனான். முதல் பாதி நன்றாகவே போயிற்று. ஒவ்வொரு அடிக்கும் சப்பாத்தின் ஓட்டைகளால் தண்ணீர் பீறியது. சேற்றில் ஈட்டி போல நிமிர்ந்து நின்ற கண்டல் மூச்சு வேர்களின் மேல் மிதித்தும் காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையோடு இடது காலை ஊன்றி எடுத்தேன். கால் வந்தது, சப்பாத்து வரவில்லை.

ஒரு உதறில் கழல வேண்டும் என்று வாங்கிய சப்பாத்து, சொன்ன சொல் தவறவில்லை. வலது காலில் நின்றபடி, தவராசாவின் தோளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சொக்ஸ் போட்ட இடது காலைத் தூக்கி வைத்திருந்தேன். கீழே எங்கும் வேர் முனைகள். கால் நடுங்கத் தொடங்கியது. தவராசா முதலில் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான். எங்களில் ஒருவர் அசைந்தாலும் நான் விழுவேன், ஆகவே அவனாலும் குனிய முடியவில்லை. உண்மையில் நான் பயந்துவிட்டேன். விரலை எடுக்கப் பார்த்த அந்த ஆஸ்பத்திரியின் மணம் மூக்கில் வந்தது.

"காலைக் கீழை விடாதேங்கோ," என்று பின்னால் குரல் கேட்டது. "அப்பிடியே நில்லுங்கோ. நான் எடுக்கிறன்."

சுகிர்தம் சேற்றில் முழங்காலை ஊன்றி, முழங்கைக்கு மேல் வரை கையை விட்டுத் துழாவினாள். சப்பாத்து வர மறுத்தது. இரண்டு கையாலும் இழுத்தாள். நிறையச் சேற்றோடு அது வெளியே வந்தது. பக்கத்துத் தண்ணீரில் அலசி, தன் தோளில் கிடந்த நூல் சால்வையை இரண்டாகக் கிழித்து, என் காலில் ஒரு துண்டைச் சுற்றினாள். காலைச் சப்பாத்துக்குள் தள்ளி, கோக்காமல் விட்ட நான்கு ஓட்டைக்கும் லேஸைக் கோத்து இறுக்கினாள். மற்றக் காலுக்கும் அப்படியே.

"உந்த ஓட்டையளை வடிவுக்கே வைச்சிருக்கிறாங்கள் எண்டு நினைச்சியளோ," என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிறகு சேறு என்ன இழுத்தும் சப்பாத்து அசையவில்லை. கண்டல் மரங்களின் விளிம்புக்கு வந்து தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தேன். மரங்களின் உச்சி முழுதும் நாரைகள். மஞ்சள் மூக்கு, செம்மஞ்சள் முகம், வால் பக்கம் மட்டும் இளஞ்சிவப்பு. கூட்டில் நின்ற குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்தின. ஒரு நாரை தொண்டையில் கொண்டுவந்த தண்ணீரைக் குஞ்சின் மேல் ஊற்றியது. சுகிர்தம் தொலைநோக்கியை வாங்கினாள், அரை மணித்தியாலம் திருப்பித் தரவில்லை. என் மனம் அப்படி நிறைந்து கனநாள். மானிப்பாயில் எங்கள் வேலியில் வந்து இருப்பது காகமும் புலுனியும்தான். அவையும் நல்ல பறவைகள். ஆனால் ஒருவரும் அவற்றைப் பார்க்கச் சேற்றில் இறங்குவதில்லை.

பத்து மணிக்குத் தவராசா வீட்டுக்குத் திரும்பினோம். சேற்றில் ஊறி இறுகிய லேஸைப் பார்த்துவிட்டு அவன் மனைவி, சப்பாத்தோடேயே உள்ளே வரச் சொன்னாள். பெரிய மனது. எங்களுக்குத்தான் கால் வரவில்லை. கிணற்றடிக் கல்லில் இருந்தேன். சுகிர்தம் முடிச்சுகளை அவிழ்த்து, சால்வைத் துணியை உருவி, நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரல் விரலாக விரித்துப் பார்த்தாள். குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள். நான் பரீட்சை முடிவுக்கு நிற்பவன் போல இருந்தேன்.

"ஒரு கீறலும் இல்லை," என்றாள். "வாற மாரிக்கும் வரலாம்."

அவள் பையைத் திறந்து, என் காலுக்கென்று கொண்டுவந்த மருந்தையும் பஞ்சையும் திரும்ப அடியில் வைக்கப் போனாள். அப்போதுதான் காய்ந்த சேறு உதிர்ந்த அவள் கையைக் கண்டேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீளமாகக் கிழிந்திருந்தது. இரத்தம் சேற்றோடு சேர்ந்து கறுத்துப் போய்க் கிடந்தது. அவ்வளவு நேரமும் அந்தக் கையால்தான் தொலைநோக்கியைப் பிடித்திருந்தாள். எப்போது என்று கேட்டேன். சப்பாத்தை இழுக்கும்போது வேர் குத்தியிருக்கும் என்றாள்.

"எனக்கென்ன, சீனி இல்லைத்தானே. ரண்டு நாளிலை ஆறீடும்."

அவளைக் கல்லில் இருத்திவிட்டு நான் கீழே இருந்தேன். என் காலுக்கென்று வந்த மருந்து முழுவதையும் அவள் கையில் பூசினேன்.