மணி மறந்த காது

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு நகராட்சிக் கல்வி அலுவலகத்துக்குப் போகப்போவதாக எங்கள் அண்ணி சொன்ன அன்று, அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அங்க லீவு உண்டா?"

"ஞாயித்துக்கிழமை உண்டு அத்தை."

"ஞாயித்துக்கிழமை யாருக்குத்தான் இல்ல? நான் கேட்டது கோடை லீவை."

"அது கிடையாது."

"கோடை லீவை வேண்டாம்னு சொல்ற வாத்தியாரை இப்பத்தான் பாக்குறேன்."

அண்ணன் செய்தித்தாளை இறக்காமலே சொன்னான். "விடும்மா. நானும் சொல்லிப் பாத்துட்டேன். அவ முடிவு கரும்பலகையில எழுதின மாதிரி."

"கரும்பலகைன்னா அழிக்கலாமே!"

"அழிக்கலாம். டஸ்டர் அவ கையில இருக்கு."

இருபது வருஷத்துக்கு மேல் அண்ணி சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவள். அவள் வகுப்பில் திக்கித் திக்கிப் பேசும் பையன் ஒருவன் இருந்தான். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. வேறு பள்ளிக்கு மாற்றி அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. அலுவலகத்திலிருந்து யார் வந்து அவனைப் பார்த்தார்கள் என்று அண்ணி கேட்டதற்கு, யாரும் வரவில்லை என்று பதில் வந்தது.

"பாக்காமலே எப்படி சார் முடிவு பண்ணுவாங்க?"

"ஆபீஸ்ல உக்காந்தா அப்படித்தான் டீச்சர்" என்றார் அவளுடைய தலைமையாசிரியர். "நாளைக்கு நீங்க போய் உக்காந்தாலும் அப்படித்தான் பண்ணுவீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அடுத்த ஆண்டு நகராட்சியில் சிறப்புக் கல்வி அலுவலர் பணி காலியானபோது முதலில் போன விண்ணப்பம் அண்ணியுடையது. நடக்கவோ பேசவோ கவனிக்கவோ சிரமப்படும் குழந்தைகள் எந்தப் பள்ளியில் படிக்க வேண்டும், அவர்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று, முடிவெடுக்கும் குழுவுக்குப் பரிந்துரைக்கிற வேலை அது. ஆசிரியர் அறையில் பிரிவுபசாரம் நடந்தபோது ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "பிள்ளைங்க சத்தமே இல்லாத இடத்துக்குப் போறீங்க, கொடுத்து வெச்சவங்க" என்றாராம். அது வாழ்த்தா வசவா என்று அண்ணி வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

புது இடத்தில் அவளுக்கு ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேசை கொடுத்தார்கள். மெஷின் ஓடினால் முதுகு வெந்தது, ஓடாவிட்டால் எல்லோரும் வந்து அவளிடம்தான் காரணம் கேட்டார்கள். அதைவிடப் பெரிய தொல்லை அவளுடைய உடம்பு. ஒரு பாடவேளை நேரம் ஆனதும் கால்கள் தாமாகவே எழுந்து நின்றன. பக்கத்து மேசை ஹெட்கிளார்க் தலையை நிமிர்த்தி, "என்ன மேடம், அடுத்த கிளாஸா?" என்பார். டீயை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாள். ஒருநாள் சாக்கடை அடைப்பு பற்றிப் புகார் சொல்ல வந்த கூட்டம் கூச்சல் போட்டபோது, கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே "உக்காருங்க எல்லாரும்!" என்றிருக்கிறாள். நாற்காலி கிடைக்காதவர்கள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா?" என்று அம்மா சிரித்தாள். "திரும்பிப் போயிடு. இன்னும் இடம் இருக்கும்."

அண்ணி போகவில்லை. மூன்றாவது மாதத்தில் கால்கள் அடங்கின. நான்காவது மாதத்தில் ஒரு மாலை, மேசை மேல் டீ ஆறிப்போய் ஆடை படிந்திருந்ததைப் பார்த்துவிட்டு அவளே ஆச்சரியப்பட்டாளாம். உடம்புக்குள் இருபது வருஷமாக அடித்துக்கொண்டிருந்த மணி எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் 'ராக்கெட்'டின் கோப்பு வந்தது.

ராக்கெட் மூன்றாம் வகுப்புப் பெண். அதிகம் பேச மாட்டாள். கணக்கு நன்றாகப் போடுவாள், படம் அதைவிட நன்றாகப் போடுவாள். ஆனால் திடீரென்று எழுந்து ஓடிவிடுவாள். கதவைச் சாத்தினால் ஜன்னல் வழியாகப் போவாள். பெயர் வைத்தவர்கள் வகுப்புப் பிள்ளைகள். போன மாதம் வாசலையும் தாண்டிச் சாலைக்கு ஓடியிருக்கிறாள். ஒரு லாரி பிரேக் போட்ட சத்தம் பள்ளிக்கூடம் முழுவதும் கேட்டிருக்கிறது. இனி வைத்துக்கொள்ள முடியாது, வேறு ஊரிலிருக்கும் விடுதிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று தலைமையாசிரியை எழுதியிருந்தார். கோப்பில் 'காரணமின்றி ஓடுகிறாள்' என்ற வாக்கியம் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. குழு கூடிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"சும்மா அனுப்பிடலாமே மேடம்?" என்றார் ஹெட்கிளார்க். "எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"பிள்ளையை நான் இன்னும் பாக்கலையே" என்று அண்ணி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் ராக்கெட்டின் அம்மாவைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச்சாரியில் தையல் கடை. அந்த அம்மா மெஷினை வாசல் பக்கமாகத் திருப்பிப் போட்டு, ஒரு கண் துணியிலும் ஒரு கண் பள்ளி வாசலிலுமாக உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை தடவை இப்படியே எழுந்து ஓடியிருப்பேன் தெரியுமாம்மா? தச்ச சட்டையில பாதிக்குக் கை கோணல்தான்" என்றாள். "விடுதியில போய் விட்டா ராத்திரி இவ தூங்க மாட்டா. நானும் தூங்க மாட்டேன். ஆனா லாரிக்காரன் அன்னைக்கு பிரேக் போடலைன்னா? ஹெட் மிஸ்ஸையும் குத்தம் சொல்ல முடியல. எது சரின்னு நீங்களே சொல்லுங்க."

"வீட்லயும் ஓடுவாளா?"

"மாட்டா. பூனைக்குட்டி மாதிரி ஒரு மூலையில இருப்பா. ஒரே ஒரு கிறுக்குத்தனம்தான். வீட்டுச் சாவியை எடுத்து எங்கயாவது ஒளிச்சு வெச்சிடுவா. தலையணைக்குள்ள, செருப்புக்குள்ள. அதுக்கு வேற தினமும் திட்டு வாங்குறா."

அண்ணி அதைக் கேட்டுக்கொண்டாள். அப்போது அதற்கு ஒரு அர்த்தமும் தோன்றவில்லை.

வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். வகுப்பு ஆசிரியை சின்னப் பெண், நல்லவள், ஒவ்வொரு பிள்ளையின் பென்சிலும் எங்கே தொலைந்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ராக்கெட் ஜன்னலோரம் உட்கார்ந்து, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு பேருந்துப் படத்துக்கு இருக்கைகள் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் அமைதியாகத்தான் போயிற்று.

திடீரென்று அவள் பென்சில் நின்றது. தலை நிமிர்ந்தது. இரண்டு கையும் காதுக்குப் போயின. அடுத்த நொடி நாற்காலி சரிந்து விழ, அவள் ஆசிரியையின் கைக்குக் கீழே குனிந்து கதவைத் தாண்டிவிட்டாள். வெளியே யாரோ துரத்தும் காலடி கேட்டது.

"பாத்தீங்களா?" என்றாள் ஆசிரியை பரிதாபமாக. "நான் ஏதாவது சொன்னேனா? யாராவது தொட்டாங்களா?"

அண்ணி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது தலைக்குள்ளேயே இரும்பை இறக்கியது போல ஒரு சத்தம். பேனா கையிலிருந்து எகிறி விழுந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டாள்.

"ஐயோ, என்ன அது?"

"எது?"

"இப்ப அடிச்சதே!"

ஆசிரியை ஒரு கணம் விழித்தாள். "மணியா? மணிதானே... மேடம், நீங்களும் எங்க ஆளுதானே? ஆபீசுக்குப் போய் நாலு மாசத்துல இப்படி ஆயிட்டீங்களா?"

அண்ணி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். தண்டவாளத் துண்டு ஒன்று அந்த ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தின் பியூன், எல்லோரும் மணிக்காரர் என்று கூப்பிடுகிற பெரியவர், கம்பியை மாட்டிவிட்டுத் திரும்பிப் போனார். அவர் நடக்க நடக்க, இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து சலசலத்தது.

சாவி. அண்ணி சரிந்து கிடந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தி, அதிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மணிச் சத்தத்துக்குப் பயந்த பிள்ளை மணி அடித்த பிறகு ஓடியிருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். இவள் சாவிச் சத்தம் வருகிறபோதே ஓடுகிறாள். ஆசிரியையிடம் விசாரித்ததில், மணிக்காரர் சாமான் அறையைத் திறக்க அந்தப் பக்கம் போனாலும் ஓடுகிறாள், அப்போது மணியே அடிப்பதில்லை. பிறகு எப்படிக் காரணம் புரியும்? இதில் அண்ணியைத் தூக்கிவாரிப் போட்டது வேறொன்று. போன வருஷம் இதே வகுப்பில் உட்கார்ந்திருந்தால் அவளுக்கும் அந்த மணி கேட்டிருக்காது.

அன்று மாலை அவள் இதையெல்லாம் சொன்னபோது அண்ணன், "அப்ப ரிப்போர்ட் எழுதிடு, வேலை முடிஞ்சுது" என்றான்.

"எழுதினா யார் நம்புவாங்க? மணி அடிக்குது, பிள்ளை ஓடுதுன்னு எழுதினா, எல்லாப் பிள்ளையும்தான் மணி அடிச்சா ஓடுதுன்னு சிரிப்பாங்க. காதால கேக்கணும்."

குழு எப்போதும் அலுவலகத்தின் பெரிய அறையில்தான் கூடும். இந்த முறை மூன்றாம் வகுப்பறையில் கூடும் என்று அண்ணி அழைப்பு அனுப்பினாள். தலைவர் போனில் சத்தம் போட்டாராம். விதியில் இடம் எது என்று எங்கும் சொல்லவில்லை என்று அண்ணி பணிவாகச் சொன்னாள். டீ உண்டு என்றும் சேர்த்துக்கொண்டாள்.

தலைவர் கனத்த மனிதர். குழந்தைகள் பெஞ்சில் உட்கார்ந்தபோது முழங்கால் தாடைக்கு வந்துவிட்டது. அவருக்குப் பக்கத்தில் டாக்டரம்மா. எதிரே தலைமையாசிரியையும் வகுப்பு ஆசிரியையும். குழு கூடும்போது வழக்கமாக வெளியே நடையில் காத்திருக்க வேண்டிய தாயை அண்ணி உள்ளே கூட்டிவந்து மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தாள்.

"பொண்ணு எங்கே?" என்றார் தலைவர்.

"தையல் கடையில பக்கத்து வீட்டம்மாவோட இருக்கா சார். பிள்ளையை வெச்சு வித்தை காட்ட வேண்டாம்."

தலைமையாசிரியை பேச ஆரம்பித்தார். கொடுமைக்காரி இல்லை அவர். லாரியைப் பற்றிச் சொல்லும்போது குரல் நடுங்கியது. "எனக்கு ஐநூறு பிள்ளைங்க சார். ஒருத்தி பின்னாடியே ஓடிக்கிட்டிருந்தா மத்ததை யார் பாக்குறது? நாளைக்கு ஒண்ணு ஆயிட்டா யார் பதில் சொல்றது?"

ஜன்னலுக்கு வெளியே சலசலவென்று ஏதோ நடந்து போயிற்று. அண்ணி தன் டீயை மேசையின் நடுவுக்கு நகர்த்தி வைத்தாள். தலைவர் தன்னுடையதை அப்போதுதான் வாய்க்குக் கொண்டுபோனார்.

மணி அடித்தது.

டீ முழுவதும் தலைவரின் சட்டையில். டாக்டரம்மா மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தையற்கார அம்மா எழுந்து வாசல் பக்கம் ஓரடி வைத்துவிட்டு, வெட்கப்பட்டுத் திரும்பினாள்.

"...ஆகவே, எந்தக் காரணமும் இல்லாம ஓடுற பிள்ளையை" என்று தலைமையாசிரியை தொடர்ந்துகொண்டிருந்தார். பிறகுதான் எதிரே எல்லோரும் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தார். "என்ன சார் ஆச்சு? டீ சூடா?"

"மணி அடிச்சுதும்மா!" என்றார் தலைவர்.

"மணியா? அடிச்சுதா?" வகுப்பு ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள்.

அண்ணி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "மிஸ் மேல தப்பில்ல சார். இருபது வருஷம் கேட்டா மணி காதுல விழாது. எனக்கும் விழுந்ததில்ல. இந்தப் பொண்ணுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரி விழுது. சாவிச் சத்தம் கேட்டதும், வரப்போகுதுன்னு தெரிஞ்சு ஓடுறா. நாம எல்லாரும் இப்ப எழுந்து நின்னோமே, அதேதான். அவ கொஞ்சம் புத்திசாலி, முன்னாடியே எழுந்துக்குறா."

தையற்கார அம்மா கலங்கிய கண்ணோடு மெதுவாகச் சொன்னாள். "சாவி... அதான் ஒளிச்சு வெச்சாளா? நான் அடிச்சேனேம்மா அதுக்கு."

தலைமையாசிரியைதான் முதலில் பேசினார். "ஒரு பிள்ளைக்காக மணி அடிக்காம இருக்க முடியுமா? மத்தவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அடிங்க மிஸ். விளையாட்டு மைதானத்துச் சுவர்கிட்ட மாட்டி அடிங்க. மணிக்காரர் சாவிக்கொத்தை ஒரு பைக்குள்ள போட்டுக்கட்டும். அடிக்கிறதுக்கு முன்னாடி ஜன்னல்ல வந்து கம்பியைத் தூக்கிக் காட்டட்டும். வரப்போகுதுன்னு தெரிஞ்சா அவளே காதைப் பொத்திக்குவா."

தலைவர் கைக்குட்டையால் சட்டையைத் துடைத்துக்கொண்டே, "மணியை மாத்துறதா, பொண்ணை ஊர் விட்டு மாத்துறதான்னா, மணி அழாது" என்றார். "ஒரு பருவம் பாப்போம். எழுதிக்கங்க. கறையையும் சேர்த்து எழுதிக்கங்க, வீட்ல காட்டணும்."

அண்ணி அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நடுக்கூடத்தில் நின்று முழுக் கதையையும் நடித்துக் காட்டினாள். தலைமையாசிரியையின் "அடிச்சுதா?" வந்தபோது அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மறுநாளே பக்கத்து வீட்டாரிடம், "என் மருமக பள்ளிக்கூடத்து மணியையே இடம் மாத்திட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கோடை லீவைப் பற்றிய பேச்சு அதோடு போயிற்று.

முதல் வாரம் ராக்கெட் இரண்டு தடவை ஓடினாள், அதுவும் வராந்தா வரைதான். பிறகு ஓடவில்லை. பிறகு, மணிக்காரர் கம்பியைக் காட்ட வரும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாளாம், தா என்று. அடிக்கிறவளுக்குச் சத்தம் எப்போது வரும் என்று தெரியும் அல்லவா? காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, கடைசி மணியை அவளே அடிக்கத் தொடங்கினாள். தையல் கடையில் மெஷின் சுவர்ப் பக்கம் திரும்பியது.

பருவம் முடிகிற சமயம் அண்ணிக்குப் போன் வந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். தலைமையாசிரியையின் குரல் எனக்கே கேட்டது.

"உங்க பொண்ணு என்ன பண்ணா தெரியுமா? கடைசி மணியை அரை பீரியடுக்கு முன்னாடியே அடிச்சிட்டா!"

"ஐயோ. பிள்ளைங்க?"

"பிள்ளைங்க நிப்பாங்களா? பறந்துட்டாங்க. டீச்சருங்களும் பின்னாடியே போயிட்டாங்க. எங்களுக்குத்தான் எது மணி எது நேரம்னு தெரியாதே! நானும் பையை எடுத்துட்டு வாசல் வரைக்கும் போயிட்டேன்."

அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். "அவ?"

மறுமுனையில் குரல் தணிந்து வந்தது.

"அவ ஓடலை. கம்பியை ஆணியில மாட்டிட்டு, கைய தட்டிவிட்டுக்கிட்டு, கடைசி ஆளா நடந்து போனா."