திரும்பி வந்த முட்டை

நவமணிக்கு ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலை வேலை. வெள்ளிக்கிழமை மட்டும் வேலைக்குக் கிளம்புமுன் அணைக்கரை ஏறி, அங்கிருக்கும் புற்றில் பால் ஊற்றி, மஞ்சள் பூசிய முட்டை ஒன்றை உள்ளே உருட்டிவிடுவாள். கரையடித் தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு மருமகளாக வந்த நாள்முதல் இது தவறியதில்லை. காய்ச்சல் அடித்தாலும் போவாள், பிடிவாதக்காரி.

ரப்பர் தோட்டக் காலத்தில் கட்டிய மண் அணை அது. தோட்டம் போன பிறகு அணையும் தண்ணீரும் டுரியான் பழத்தோட்டம் போட்ட சீன முதலாளி, ஒரு தவுக்கேக்குச் சொந்தம். வெயில் காலத்தில் அவர் மரங்களுக்கு அதுதான் உயிர் என்பதால் நீரைக் குறையவிடமாட்டார். கரைக்குக் கீழே பழைய லயத்து வீடுகளில் பிள்ளைகுட்டிகளோடு சனம் இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் இறங்கி வரும்போது கரையடி வாய்க்கால் வெள்ளையாக ஓடியது. அம்மன் பாலை ஏற்றுக்கொண்டாள் என்று லயமே கூடிக் கும்பிட்டது. பக்கத்து வீட்டு மாரியம்மா சொம்பில் பிடித்துக்கொண்டு போனாள். நவமணிக்குப் பெருமை தலைக்கேறியது. இல்லை என்றால் பொய்.

அடுத்த வெள்ளி, முட்டையே வந்தது. உடையாமல், மஞ்சள் கலையாமல், கரையடிப் பொந்திலிருந்து உருண்டு கல்லிடுக்கில் நின்றது. பெண்கள் குலவை போட்டார்கள். நவமணி கையில் எடுத்தாள். பிணத்தின் கைபோலச் சில்லிட்டிருந்தது. பொந்து சேற்றுநீராகக் கக்கிக்கொண்டிருந்தது.

மறுபடி மேலே ஏறிப் புற்றில் காது வைத்தாள். உள்ளே யாரோ வாய் கொப்பளிக்கும் சத்தம். முட்டை போக வழி இருந்தால் நாளைக்குக் குளமே அந்த வழியாக இறங்கும். மதகைத் திறக்கச் சொல்லக் கரையோடு ஓடினாள்.

மதகுச் சாவி அணைக்குக் காவலிருக்கும் ஜாகா தேவனிடம் இருந்தது. அவன் தவுக்கேக்குப் போன் போட்டான். அவர் சிரித்துவிட்டு, திறந்தால் வேலை போய்விடும் என்றார். தேவன் புற்றையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சாமி காரியம்கா. நான் எப்படிக் கை வைக்கிறது?"

"சாமிதான் முட்டையத் திருப்பிக் குடுத்துருச்சே தம்பி. இனி இங்க இருக்க மாட்டேன்னு சொல்லுதுலா. தொற."

திறந்தான். பொழுது சாய்வதற்குள் குளம் பாதிக்குக் கீழே இறங்கியது. அந்த வாரம் கொட்டிய மழையில் புற்று கரையோடு உள்வாங்கியது. சேறு மட்டும் மெதுவாக ஊர்ந்து வந்து, மாரியம்மா வீட்டு வாசற்படியைத் தொட்டு நின்றது. தேவனுக்கு வேலை போனது.

நவமணி சந்தேகப்பட்டதால்தான் அம்மன் கோபித்துப் போய்விட்டாள் என்று லயத்தில் இன்னும் பேசுகிறார்கள். அதிகம் பேசுவது மாரியம்மா, அதே வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு. நவமணி அதைக் கேட்டபடியே வேலைக்குக் கிளம்புகிறாள். பேச ஆளும் இருக்கிறது, உட்காரப் படியும் இருக்கிறது.