கம்பி கட்டிய வாயும் ஒரு நிக்காஹும்

முகம் உடைந்து வருகிறவர்களின் வார்டில் கூட்டித் துடைப்பதைவிட, வாய் திறக்க முடியாதவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கண்ணைப் பார்த்து விளங்குவதுதான் எனக்குப் பெரிய வேலை. ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் காத்துக் கிடந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

சிரிக்காத படம்

சவளக்கடையில் வயல் பார்த்துவிட்டு வந்த சப்ராஸின் மோட்டார் சைக்கிள் எருமை மாட்டில் மோதிவிட்டது. ஹெல்மெட் ஹேண்டிலில் தொங்கியது. கன்ன எலும்பு, மூக்கு, மேல்தாடை, கீழ்த்தாடை எல்லாம் உடைந்து முகம் பானைபோல் வீங்கியிருந்தது. என் இளைய மகனின் வயதுதான். துஆக் கேட்டுக்கேட்டுத்தான் இரத்தம் துடைத்தேன்.

டொக்டர் அவன் சிரிக்கிற பழைய படம் கேட்டார். பல்வரிசை எப்படி இருந்தது, கன்னம் எவ்வளவு எடுப்பாக இருந்தது என்று பார்த்துப் பொருத்த வேண்டுமாம். அவனுடைய போன் எருமையின் காலடியில் தூளாகிவிட்டது. அவனுடைய உம்மா கொண்டுவந்தது அடையாள அட்டை. அதில் எவர்தான் சிரிக்கிறார்? வேறு இல்லையா என்று டொக்டர் கேட்டதும் அவ அழுதுவிட்டா. "எங்கட வீட்டில படம் புடிக்கிற பழக்கமில்ல டொக்டர். புள்ள சிரிச்சா நாங்க கண்ணால பாப்பம், அவ்வளவுதான்."

வாப்பாவுக்கு முன்னால்

அவனுக்கு நிக்காஹ் பேசி நாளும் குறித்தாயிற்று. பெண் நஸ்மியா தன் வாப்பாவோடு வார்டு வாசலுக்கு வந்ததும், சப்ராஸ் துவாயை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். இந்த முகத்தைக் கண்டால் வேண்டாம் என்றுவிடுவாளோ என்ற பயம், பாவம்.

படம் கிடைக்காத கதையை உம்மா சொல்ல, நஸ்மியா நிலத்தைப் பார்த்தபடி தன் போனை நீட்டினாள். அதில் சப்ராஸ், முப்பத்திரண்டு பல்லும் தெரிய. நிக்காஹுக்கு முதல் மகளின் போனில் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தால் எந்த வாப்பாவுக்குத்தான் முகம் கறுக்காது? அவர் போனையும் பார்த்தார், துவாய்க்குள் கிடந்தவனையும் பார்த்தார். "மொதல்ல டொக்டருக்கிட்டக் குடு புள்ள. எனக்குப் பதில் சொல்றதப் பிறகு பாப்பம்."

அரைத்த புரியாணி

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். எலும்புகளுக்குச் சின்னச் சின்னத் தகடுகள் வைத்து, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். திடீரென்று சத்தி எடுத்து, வாந்தி மூச்சை அடைத்தால் கம்பியை வெட்டக் குறடு ஒன்றைத் தலைமாட்டில் தொங்கவிடுவது எங்கள் வார்டு வழக்கம். குடிப்பதெல்லாம் நீராகாரம்தான்.

பெண்ணின் உம்மா பிளாஸ்க்கோடு வந்தா. மூடியைத் திறந்தால் ஏலமும் கறுவாவும் மணக்கிறது. புரியாணியை இறைச்சியோடு அரைத்துக் கரைத்திருக்கிறா! இது அடைத்துக்கொள்ளும் என்று இரண்டு தரம் வடித்தேன். சக்கையைப் பார்த்து அவ முகம் சுருங்கிவிட்டது. "மருமகன் எண்டு சொல்லிட்டம். வெறுங் கஞ்சியக் குடுக்க மனம் வருமா, சொல்லுங்க?"

இடையில் நான்

வீக்கம் வற்றிய பிறகும் ஒரு கண் கொஞ்சம் தாழ்ந்தே நின்றது. அதற்கு இன்னொரு ஒப்பரேஷன் வேண்டிவரலாம் என்றார் டொக்டர். அன்று நஸ்மியா வந்தபோது சப்ராஸ் துவாயைத் தேடவில்லை. என்னைப் பார்த்துப் பல்லுக்குள்ளால் முனகினான்: "சாச்சி, அவக்கிட்டச் சொல்லுங்க, என்ர முகம் இனி இப்பிடித்தானாம். வேணாண்டா இப்பவே சொல்லட்டும், நான் கோபிக்க மாட்டன்."

அவள் நிற்பது கட்டிலின் கால்மாட்டில். எல்லாம் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் நிக்காஹுக்கு முதல் நேரே கதைக்க வெட்கம், என்னிடமிருந்து கேட்கத்தான் காத்து நின்றாள். ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவள் முதல்தரமாக அவன் முகத்தை நேரே, ஆறுதலாகப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அவருக்குச் சொல்லுங்க சாச்சி, குறிச்ச நாளிலதான் நிக்காஹ். பல்லக் கடிச்சிட்டுக் கபில்து, ஏத்துக்கிட்டன் எண்டு சொன்னாலும் நிக்காஹ் செல்லுமா எண்டு மௌலவிக்கிட்டக் கேட்டுட்டன். செல்லுமாம்."

வாய் திறக்க முடியாதவர்களுக்காகக் கதைப்பது லேசு. கதைக்க முடிந்த இரண்டு பேருக்கு நடுவில் நிற்பதுதான், அல்லாஹ்வே, கால் வலிக்கிற வேலை.