தவளை இல்லாத கிணறு

செத்த மீனை மேலே எடுக்க ஞானசௌந்தரியிடம் ஒரு நீளமான மூங்கில் கம்பும், அதன் நுனியில் கட்டிய பழைய டீ வடிகட்டியும் இருக்கின்றன. கிணற்றுச் சுவரில் வயிற்றை அழுத்திக் குனிந்து, மிதக்கிற மீனுக்கு அடியில் வடிகட்டியைப் பைய விட்டுத் தூக்குவாள். விரல் நுனி அளவுள்ள ஆரஞ்சு நிற மீன். சனிக்கிழமை உயிரோடு போட்டது ஞாயிறு காலை கோயிலுக்குப் புறப்படுமுன் மிதந்துவிடும். அதை முருங்கை மூட்டில் புதைத்துவிட்டுப் பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். அடுத்த சனிக்கிழமை மறுபடி ஒரு மீன்.

வண்ண மீன் கடை உமர் பாரூக்குக்கு இந்த வியாபாரம் விளங்கவே இல்லை. "எக்கா, வாராவாரம் வாங்குதீய. தொட்டியில எடம் இருக்கா?" என்று கேட்டான்.

"தொட்டி பெருசுப்பா. ஒண்ணு பொழச்சிட்டுன்னா ஒங்கிட்டதான் முதல்ல சொல்லுவேன்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

பாளையங்கோட்டையின் பழைய தெருக்களில் இப்படிப்பட்ட கிணறுகள் உண்டு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் போகிற மதில் கிணற்றின் தலைமேல் ஏறிப் போகும். பாதி வட்டம் ஞானசௌந்தரியின் முற்றத்தில், பாதி வட்டம் பக்கத்து வீட்டு வடிவம்மாளின் முற்றத்தில். மதிலுக்குக் கீழே தண்ணீர் ஒன்றுதான். ஒருத்தி வாளி விட்டால் மற்றவள் பக்கத்தில் அலை வரும். இருவரும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தால் ஒருத்தி முகத்தை ஒருத்தி தண்ணீரில்தான் பார்க்க முடியும். பல வருஷமாக அவர்களுடைய பேச்சுவார்த்தை முழுவதும் அப்படியே நடந்திருக்கிறது. கேட்கிற குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். பேசுகிற முகம் தலைகீழாகத் தெரியும்.

தண்ணீரோ அப்படித் தெளிவு. அடியில் கிடக்கிற துருப்பிடித்த ஆணியைக்கூட மேலே நின்று பார்த்துவிடலாம். உள்சுவரில் ஒரு பொட்டுப் பாசி கிடையாது. மழை பெய்து ஊரெல்லாம் தவளை கத்துகிற நாளிலும் இந்தக் கிணறு வாயைத் திறக்காது. வேப்பிலை விழுந்தால் அழுகாமல், விழுந்த அன்றைக்கு இருந்த பச்சையோடு நாள்கணக்கில் கிடக்கும். துவைகல் குழியில் தேங்கிய தண்ணீரைக் காக்கை எட்டிப் பார்க்கும், தலையைச் சாய்க்கும், குடிக்காமல் போய்விடும். வடிவம்மாள் இதையெல்லாம் சுத்தம் என்கிறாள். ஞானசௌந்தரிக்கு இதையெல்லாம் பார்த்தால் ரோமம் சிலிர்க்கும்.

அவள் கணவர் எஸ்றா தெருவறையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணப் பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, தாடையை உயர்த்தச் சொல்லி, பெயரும் வாங்கிக்கொண்டவர் அவர். பின்கட்டு இருட்டறையில் சிவப்பு விளக்கடியில் நின்று அந்தப் பெண்களையெல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து எழுப்பிக் கொண்டுவந்தவள் இவள். ஜன்னல் இல்லாத அறை. காற்றாடி போட்டால் தூசி விழும் என்று அதுவும் கிடையாது. டெவலப்பர் பொடியை வெறுங்கையால் கரைப்பாள், படத்தை வெறுங்கையால் புரட்டுவாள். டிஜிட்டல் வந்து அந்த அறையைப் பூட்டிய அன்றைக்கு ஊரே எஸ்றாவுக்காக வருத்தப்பட்டது. ஞானசௌந்தரி முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னாள். எஸ்றா இப்போது இல்லை. அறை வைத்த கணக்கு மட்டும் அவள் உடம்பில் பாக்கி இருக்கிறது.

முதலில் மூக்கு போயிற்று. மல்லிகையும் மீன் கழுவின தண்ணீரும் அவளுக்கு ஒன்றுதான். "எனக்கு மூக்குன்னு ஒண்ணு மூஞ்சியில ஒட்டிட்டிருக்கு, அம்புட்டுதான்" என்பாள். அப்புறம் கைகள். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, நகங்கள் கறுத்து, எந்தக் களிம்புக்கும் அடங்காத கைகள். வெளியே கிளம்பினால் அவற்றை முந்தானைக்குள் சுருட்டிக்கொள்வாள். திருவிருந்தில் அப்பத்தைக்கூடக் கைக்குட்டை விரித்துத்தான் வாங்குவாள். குருவானவர் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், அவளும் திருத்தவில்லை. வீட்டில் விளக்குப் போட மாட்டாள். இருட்டிலேயே ஊசியில் நூல் கோப்பாள். தண்ணீர் உள்ள எந்தப் பாத்திரம் கையில் கிடைத்தாலும், அரிசி களைகிற சட்டியோ பருப்பு ஊறப்போட்ட கிண்ணமோ, இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டத் தொடங்கிவிடுவாள். தட்டில் கிடக்கிற படத்துக்கு மருந்து சீராகப் படவேண்டும் என்று ஆட்டிய ஆட்டம். கை நிற்க மறந்துவிட்டது.

வேலை முடிந்த பிறகு அந்தத் தண்ணீர் எல்லாம் எங்கே போயிற்று என்பதுதான் விஷயம். இருட்டறைத் தொட்டியிலிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்து வெளியே வந்து, கிணற்றை ஒட்டி வெட்டிய குழியில் முடிந்தது. "மண்ணு எல்லாத்தையும் வடிகட்டிரும்ட்டி" என்றார் எஸ்றா. டெவலப்பர், ஹைப்போ என்று படம் கழுவுகிற மருந்துகள், கழுவின கழுநீர் எல்லாம் வருஷக்கணக்காக அந்தக் குழியில் இறங்கியது. ஊற்றியவள் ஞானசௌந்தரி. அவள் இதை யாரிடமும் மறைத்ததில்லை. துணி துவைக்கவும் முற்றம் தெளிக்கவும் மட்டுமே கிணறு என்று இருந்த காலத்தில் யாரும் காது கொடுத்ததும் இல்லை. குடிக்கத்தான் தாமிரபரணி குழாயில் வந்துகொண்டிருந்ததே.

பிறகு ஒரு டிசம்பர் வெள்ளத்தில் ஆறு தெருவுக்குள் வந்தது. குழாய்கள் உடைந்தன. எல்லாக் கிணறும் செம்மண் குழம்பாயிற்று. இந்தக் கிணறு மட்டும் சில நாளில் தெளிந்து, ஒன்றும் நடக்காதது போல ஆணியைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

தண்ணீரைப் பரிசோதிக்க ஒரு பெண் சின்னக் கண்ணாடிக் குப்பிகளோடு தெருவில் வந்தாள். கிருமி இருந்தால் குப்பி கறுத்துவிடும் என்றாள். மறுநாள் மதில்மேல் வரிசையாக வைத்திருந்த குப்பிகளில் மற்றக் கிணறுகளுடையவை எல்லாம் மை போலக் கறுத்திருந்தன. இந்தக் கிணற்றுக் குப்பி மட்டும் வைத்த நிறத்தில் அப்படியே இருந்தது. வெளுத்த தாளில் கறுப்பு ஊறி வருவதற்காகக் காத்து நின்றே ஆயுளைக் கழித்தவள் ஞானசௌந்தரி. கறுக்காத குப்பியைப் பார்த்ததும், கிருமிகூடத் தங்காத தண்ணீர் என்று நினைத்து, குப்பிக்காரப் பெண்ணிடம் போனாள்.

"இதுல கெமிக்கல் இருந்தா தெரியுமாம்மா?"

"இது கிருமிக்கு மட்டுந்தான் ஆச்சி. அதுக்கு லேபுக்குத்தான் போவணும்."

ஞானசௌந்தரி பாட்டிலில் தண்ணீரோடு லேபுக்குப் போனாள். மெட்டோல், ஹைட்ரோகுயினோன், ஹைப்போ என்று மருந்துகளின் பெயரும் சொன்னாள். அந்தப் பெயரில் எங்களிடம் டெஸ்ட் கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள்.

வடிவம்மாள் குப்பி கறுக்காத அன்றைக்கே அந்தத் தண்ணீரைக் குடிக்கத் தொடங்கிவிட்டாள். குழாய் சரியான பிறகும் விடவில்லை. "கல்கண்டு மாதிரி இருக்குக்கா" என்றாள். சுத்தத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. குடிதண்ணீரில் வேற்று விரல் ஒன்று பட்டுவிட்டால் போதும், அவ்வளவையும் வாசலில் கொட்டி, பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிடுவாள். அப்படிப்பட்டவள் குடிக்கிற தண்ணீர் இது.

இந்தச் சித்திரையில் வடிவம்மாளின் மகள் சித்ரலேகா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். அன்றிலிருந்து ஞானசௌந்தரிக்குத் தூக்கம் இல்லை. மதிலுக்கு அப்பால் வாளி இறங்கும் சத்தம் கேட்டாலே எழுந்து ஓடுவாள்.

"வடிவு, நீ எதையும் குடி. பிள்ளத்தாச்சிக்குக் குடுக்காத. மீனு நிக்க மாட்டேங்கு அதுல."

"எப்பமோ ஊத்தினது இன்னமுமா இருக்கும்? பாதிக் கெணறு எங்களுக்குள்ளது. தண்ணி எடுக்கது பிடிக்கலைன்னா மொகத்துக்கு நேரா சொல்லுங்க."

"நான் ஊத்துனது எனக்குத் தெரியாதாட்டி?"

தண்ணீரில் வடிவம்மாளின் தலைகீழ் முகம் இன்னும் கிட்ட வந்தது. பிறகு சொன்னது. "எம் மக வயித்தப் பாத்தா ஒங்களுக்கு என்னமோ செய்யுதுக்கா."

முகம் விலகிற்று. தெளிந்த தண்ணீரில் இவள் முகம் மட்டும் மிச்சம்.

அந்த இருட்டறை வருஷங்களில் ஞானசௌந்தரிக்கு இரண்டு முறை கரு தங்கிக் கலைந்தது. அந்த அறையால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அதனால் இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் அதைக் கேட்கவும் இல்லை, கேட்காமல் இருந்ததால் மனசு ஆறவும் இல்லை. வடிவம்மாள் சொன்னது பொய் அல்ல. அந்த வயிற்றைப் பார்த்தால் அவளுக்கு என்னமோ செய்யத்தான் செய்கிறது. பயம்.

போன வாரம் ஒரு முற்பகலில் அவள் தெருவாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். சித்ரலேகா அடுப்படிச் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வாய் அகன்ற பித்தளை அண்டா நிறையத் தண்ணீர், அப்போதுதான் இறைத்தது. அண்டாவின் அடி அப்படியே தெரிந்தது.

"வாங்க பெரியம்ம. ஒரு தம்ளர் மோந்து தாங்களேன், எந்திரிக்க முடியல" என்றாள் சித்ரலேகா.

வடிவம்மாள் அடுப்பிலிருந்து திரும்பி, "வாங்கக்கா" என்றாள், வேண்டாவெறுப்பாக.

ஞானசௌந்தரி அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தம்ளரை எடுக்கவில்லை. முந்தானையைப் பிரித்தாள். இத்தனை வருஷமும் அந்த வீட்டில் ஒருவரும் பார்த்திராத கைகளை, வெடிப்பும் கறுத்த நகமும் தெரிய, சித்ரலேகாவின் முகத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் வைத்திருந்தாள். பிறகு இரண்டையும் மணிக்கட்டு வரை அண்டாவுக்குள் விட்டு, இப்படியும் அப்படியும், மெல்ல, அலசத் தொடங்கினாள்.